மாவு பார்க்கத் தெரிந்தால் வேலை உண்டு

ராயகிரியில் மழை விட்ட மறுநாள் காலை ரோட்டோரமாக நடந்து பாருங்கள். தார் பெயர்ந்த இடத்தில் ஜல்லி உதிர்ந்து கிடக்கும். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்புங்கள். ஒரு பக்கம் கறுப்பாக இருக்கும். மறுபக்கம் கழுவித் துடைத்த மாதிரி வெறும் கல். அந்தப் பக்கத்துத் தார் தேய்ந்து போகவில்லை. தண்ணீர் இடையில் புகுந்து கல்லிலிருந்து தாரை உரித்துவிட்டது. தொழிலில் இதற்கு ‘ஸ்டிரிப்பிங்’ என்று பெயர்.

“தார் குறைச்சுப் போட்டுட்டாங்க” என்று ஊரில் சொல்வார்கள். பல இடங்களில் அது உண்மைதான். ஆனால் தார் சரியான அளவில் இருந்தும் உரிந்துபோன ரோடுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் கோளாறு, கலவையில் யாரும் கவனிக்காத ஒரு பொருளில் இருந்தது. மாவு போல நுணுங்கிய தாதுத் தூள் அது. புத்தகத்தில் ‘மினரல் ஃபில்லர்’. தார்க்கலவை பிளான்ட்டில் ஆளுக்கொரு பெயர்: டஸ்ட், பவுடர், மாவு. சிவில் டிப்ளமோவோ பொறியியல் பட்டமோ முடித்து, சாலைப் பணியில் காலூன்ற நினைக்கும் தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன். இந்த மாவைப் படித்து வையுங்கள். லேப்பில் தாரையும் ஜல்லியையும் பார்க்க எல்லாரும் முந்துவார்கள். மாவைப் பார்க்க ஆள் குறைவு. புதிதாக வருகிறவர் பெயர் எடுக்கக்கூடிய இடம் அது.

முதலில் நம் ஊர் நிலவரம். தென்காசிக்குத் தென்மேற்குப் பருவத்தில் சாரல், வடகிழக்குப் பருவத்தில் அடைமழை. இரண்டுக்கும் நடுவே கோடை வெயில் தாரை இளக்குகிறது. நாம் தார் என்று சொல்லும் பிட்டுமனுக்கு விஜி-30, விஜி-40 என்று தரம் பிரிக்கும்போது 60 டிகிரி செல்சியஸில் அதன் பிசுபிசுப்பை அளக்கிறார்கள். வெயிலில் ரோட்டின் மேற்பரப்பு அந்தச் சூட்டைத் தொடும் என்பதுதான் காரணம். ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வழியாகத் தென்காசி போய்க் கொல்லத்தில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 744-இல் பார லாரிகள் இரவு பகல் பாராமல் ஓடுகின்றன. கிராமச் சாலையில் கரும்பு டிராக்டரும் தேங்காய் லாரியும். ஈரமும் சூடும் பாரமும் ஒரே ரோட்டின் மேல் மாறி மாறி விழுகின்றன.

இனி கல். நம் மலையடிவாரக் குவாரிகளில் பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் வகைப் பாறைகள். உடைப்பதற்கு உறுதியான கல். நசுங்காது, தேயாது. ஆனால் சிலிக்கா மிகுந்த கல்லுக்கு ஒரு குணம் உண்டு. தாரையும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்தால் அது தண்ணீரோடுதான் ஒட்டும். சுண்ணாம்புக் கல் அப்படியில்லை, தாரை விடாமல் பிடித்துக்கொள்ளும். எந்தக் குவாரிக் கல் எப்படி என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனைதான் சொல்லும்.

மாவு செய்யும் வேலை

கலவையில் 0.075 மி.மீ. சல்லடையைத் தாண்டும் தூள், பொதுவாக நூற்றுக்கு நாலைந்து பங்கு. பொறுக்கி எடுத்த ஜல்லி ஒன்றோடொன்று தோள் சேர்த்து நிற்கும்போது விழும் சந்துகளை அது அடைக்கிறது. இது பாதி வேலை. பிட்டுமனோடு சேர்ந்து குழம்பாகிப் பிட்டுமனையே கெட்டிப்படுத்துவது மறுபாதி. கல்லைச் சுற்றி ஒட்டியிருப்பது வெறும் பிட்டுமன் என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே இருப்பது பிட்டுமனும் மாவும் குழைந்த பசை. பசை நீர்த்திருந்தால் வெயிலில் சக்கரத் தடம் பள்ளமாக விழும். கெட்டித்துப்போனால் வெடிப்பு விடும்.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரிதான் அளவு. கூடினால் வாய் வெந்துபோகும், குறைந்தால் சிவக்காது. அமெரிக்காவின் சூப்பர்பேவ் முறையில் இதற்கு ஓர் எண் வைத்திருக்கிறார்கள்: மாவின் எடையை, கல் உறிஞ்சியது போக மிஞ்சும் பிட்டுமனின் எடையால் வகுத்தால் 0.6-க்கும் 1.2-க்கும் இடையில் வர வேண்டும். நேர்முகத்தில் இந்த ஒரு விகிதத்தைக் காரணத்தோடு சொல்லுங்கள். கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிநூலைத் தொழிலில் ‘மோர்த் ஸ்பெக்’ என்பார்கள். 2013-இல் வந்த ஐந்தாம் திருத்தத்தின் 500-ஆம் பிரிவு முழுக்கத் தார்ப்பணிதான். அதை நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்லர் என்றால் கல்தூள், நீற்றிய சுண்ணாம்பு, சிமெண்ட் போன்றது என்கிறது அது. தூள் முழுவதும் 0.6 மி.மீ. சல்லடையைத் தாண்ட வேண்டும். 0.3-இல் 95 முதல் 100 சதவீதம், 0.075-இல் 85 முதல் 100 சதவீதம். கல்தூள் என்றால் பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் 4-க்கு மேல் போகக் கூடாது. களிமண் கலந்திருக்கிறதா என்பதைக் காட்டும் எண் அது. சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கும் இந்த விதி கிடையாது.

இதில் ஏமாறுகிற இடம் களிமண்தான். கிரஷரில் மேல்மண்ணோடு சேர்த்து உடைத்த கல்லின் டஸ்டும் பார்க்கச் சாம்பல் நிறத் தூள்தான். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்கி வையுங்கள். சுத்தமான கல்தூள் அடியில் படிந்து மேலே தண்ணீர் சீக்கிரம் தெளியும். களிமண் இருந்தால் மணிக்கணக்கில் கலங்கியே நிற்கும். அறிக்கையில் எழுத இது உதவாது. எந்தக் குவியலிலிருந்து சாம்பிள் எடுத்து முறையாகச் சோதிக்க வேண்டும் என்பதை இரண்டு நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும். அந்தக் களிமண் கலவைக்குள் போனால் முதல் மழையில் உப்பி, தாரைக் கல்லிலிருந்து தள்ளிவிடும்.

நம் பக்கத்தில் கிடைப்பது எது

கல்தூள் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. சந்துகளை அடைக்கும் வேலையைச் செய்யும். ஒட்டும் குணத்தைக் கூட்டாது.

சாம்பல் தூத்துக்குடியில் மலை போலக் கிடக்கிறது. அங்குள்ள அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. நிலக்கரி எரிந்து மிஞ்சும் பறக்கும் சாம்பல் மென்மையானது, உருண்டைத் துகள், நன்றாகக் கலக்கும். எடை குறைவு. ஃபில்லராக இதைப் பல இடங்களில் சோதித்தும் போட்டும் பார்த்திருக்கிறார்கள். விதிநூல் பெயர் சொல்லும் மூன்றில் இது இல்லை. ஆகவே கலவை வடிவமைப்பையும் சோதனை முடிவையும் வைத்துப் பொறியாளரின் எழுத்து ஒப்புதல் வாங்காமல் ஒரு கிலோ கூடச் சேர்க்காதீர்கள். வாய்மொழி ஒப்புதல் பில் போடும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது.

சிமெண்ட் ஆலைகள் கைக்கெட்டும் தூரத்தில்: தாழையூத்து ஒரு பக்கம், விருதுநகர் ராமசாமி ராஜா நகர் மறுபக்கம். சீரான தரம், ஐம்பது கிலோ மூட்டை, கணக்குப் பார்க்க எளிது.

நீற்றிய சுண்ணாம்பைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். மழை ஊருக்கு நான் முதலில் தேடுவது இதைத்தான். பிட்டுமனுக்குள் இயற்கையாகவே சில அமிலக் கூறுகள் உண்டு. சிலிக்காக் கல்லின் மேல் அவை ஒட்டினால் தண்ணீர் வந்து எளிதில் பிரித்துவிடும். சுண்ணாம்பின் கால்சியம் அவற்றோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத உப்பாக மாறிக் கல்லைப் பிடித்துக்கொள்கிறது. கூடவே பிட்டுமன் காற்றுப் பட்டு மூப்படைவதையும் சுண்ணாம்பு தாமதப்படுத்துகிறது. இன்னொன்று: கல்தூளை எவ்வளவு இறுக்கிக் குத்தினாலும் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் மிஞ்சும். சுண்ணாம்பில் பாதிக்கு மேல் வெற்றிடம். அந்த வெற்றிடம் பிட்டுமனைப் பிடித்து வைத்துக்கொள்வதால், சூட்டில் கலவை இளகாமல் நிற்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா, நெவாடா மாநிலங்கள் இதைக் கட்டாய விதியாகவே வைத்திருக்கின்றன.

நம் விதிநூலும் இதைச் சொல்கிறது. தண்ணீர்ச் சோதனையில் கலவை தேறாவிட்டால் மொத்தக் கல்லின் எடையில் 2 சதவீதம் நீற்றிய சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். உடைத்த கல்லுக்குப் பதிலாகக் கூழாங்கல் வகை வந்தால் 2 சதவீதம் சிமெண்டோ சுண்ணாம்போ போட்டே ஆக வேண்டும்.

சுட்ட சுண்ணாம்பையும் நீற்றிய சுண்ணாம்பையும் குழப்பிவிடாதீர்கள். காளவாயிலிருந்து வரும் சுட்ட கல்லில் தண்ணீர் பட்டால் கொதித்து உப்பும். அது கலவைக்குள் போனால் பிறகு ஈரம் கண்டு ரோட்டையே உடைக்கும். வீட்டுப் பானையில் நீற்றுவதை நம் பாட்டிகள் பார்த்திருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அப்படி நீறி, உலர்ந்து, சலித்த பொடிதான் நமக்கு வேண்டும். திறந்து போட்டால் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்புக் கல்லாகவே திரும்பிப் போகும். பழைய மூட்டையில் சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைத்து ஃபினாப்தலீன் இரண்டு சொட்டு விடுங்கள். நிறமே வராவிட்டால் உயிர் போன சுண்ணாம்பு, திருப்பி அனுப்புங்கள். நிறம் வந்தாலும் எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லாது. மூட்டைத் தேதியையும் ஆலைச் சான்றையும் பார்த்துத்தான் ஏற்க வேண்டும்.

காலிச் சாக்கை எண்ணுங்கள்

ஒரு கணக்கு. 3.75 மீட்டர் அகலம், 1 கிலோமீட்டர் நீளம், 30 மி.மீ. கனத்தில் மேல்தளம். 112.5 கன மீட்டர் வருகிறது. இறுகிய கலவை கன மீட்டருக்கு 2.35 டன் என்று வைத்தால் 264 டன். பிட்டுமன் 5.4 சதவீதம் போனால் 250 டன் கல்லும் தூளும். அதில் 2 சதவீதம் சுண்ணாம்பு என்றால் 5 டன். 25 கிலோ மூட்டையில் 200.

ஆக, அந்த ஒரு கிலோமீட்டர் முடியும்போது 200 காலிச் சாக்கு இருக்க வேண்டும். நான் புதிதாகச் சேர்ந்த ஒரு பிளான்ட்டில் சாக்கு மூலையில் நாற்பதுதான் கிடந்தது. பதிவேட்டில் முழுக்கணக்கும் எழுதியிருந்தது. யாரும் திட்டமிட்டுத் திருடியதாகத் தெரியவில்லை. மாலையில் கன்வேயர் பெல்ட்டில் மூட்டை பிரித்துக் கொட்டுகிற ஆள் களைத்துப் போயிருந்தார், கேட்பாரும் இல்லை. பேட்ச் மிக்ஸ் பிளான்ட்டில் ஃபில்லருக்குத் தனி சைலோவும் எடை போடும் வசதியும் உண்டு. சின்ன டிரம் பிளான்ட்டுகளில் அந்த ஏற்பாடு இல்லாதபோது இப்படித்தான் மூட்டை கையால் ஏறும். அங்கே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. குளிர்ந்த ஜல்லியின் மேல் உலர்ந்த மாவைக் கொட்டினால் பர்னர் காற்றில் அது புகைக்குழாய் வழியாகப் பறந்துவிடும். போட்டது நிஜம், கலவையில் இல்லாததும் நிஜம். ஜல்லி லேசான ஈரத்தோடு இருக்கும்போது அதில் புரட்டி ஏற்றலாம். அல்லது பிட்டுமன் தெளிக்கும் இடத்துக்கு அருகில் விடும் ஏற்பாடு வேண்டும்.

பிளான்ட் ஆப்பரேட்டரை மதித்து அண்ணே என்று பேசிப் பழகுங்கள். படிப்பில் அவர் உங்களுக்குக் கீழே இருக்கலாம், கலவையைப் பார்ப்பதில் உங்களுக்கு ஆசான். “தம்பி, மாவு கொறஞ்சா கலவை டிப்பர்ல விழும்போதே சளசளன்னு ஓடும்லா, கூடிட்டா மங்கிப்போய் பொலபொலன்னு நிக்கும்” என்று ஒருவர் எனக்குச் சொல்லித் தந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. விஜி-30 கலவை பிளான்ட்டை விட்டுக் கிளம்பும்போது 150 முதல் 165 டிகிரி, விரிக்கும்போது குறைந்தது 140, ரோலர் ஓடி முடிக்கும்போது 90-க்குக் குறையாமல். இந்த மூன்று எண்ணையும் அவரிடமே சொல்லி வையுங்கள்.

எடையில் இன்னொரு நுட்பம். சுண்ணாம்பின் ஒப்படர்த்தி 2.2 போல, கல்தூள் 2.7, சிமெண்ட் 3.15. ஒரே எடையில் மாற்றிப் போட்டால் சுண்ணாம்பு கல்தூளை விட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிக இடம் பிடிக்கும். ஆகவே மாவு மாறினால் மார்ஷல் வடிவமைப்பைப் புதிதாகச் செய்ய வேண்டும். வில்லையின் இரண்டு பக்கமும் சுத்தியலால் 75 அடி, ஸ்டெபிலிட்டி குறைந்தது 9 கிலோ நியூட்டன், காற்று வெற்றிடம் 3 முதல் 5 சதவீதம். பழைய ஜேஎம்எஃப் (கலவை வாய்பாடு) தாளில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள்.

சுண்ணாம்பைக் கையாளும்போது கண்ணாடி, முகக்கவசம், கையுறை மூன்றும் கட்டாயம். அதன் பிஎச் 12-க்கு மேல். கண்ணில் விழுந்தால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு நேரே மருத்துவமனை. கல்தூளிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும், முகத்தில் துண்டு கட்டினால் போதாது. சூடான தார் உடம்பில் பட்டால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள், பிய்த்து எடுக்காதீர்கள்.

எங்கே படிப்பது, எங்கே சேர்வது

பக்கத்து ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக், திருநெல்வேலியில் அரசு பொறியியல் கல்லூரி. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் ஆர். வாசுதேவன் செய்ததை நினைத்துப் பாருங்கள். வேதியியல் ஆசிரியர் அவர். சூடான ஜல்லியின் மேல் கழிவு பிளாஸ்டிக்கைப் பூசி, பிறகு பிட்டுமனோடு கலக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பிளாஸ்டிக்கும் தாதுத் தூளும் வேறு வேறு, ஆனால் இரண்டும் தீர்க்க வந்தது ஒரே கேள்வியை: கல்லும் தாரும் தண்ணீரில் பிரியாமல் இருக்க என்ன செய்வது?

அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சி தொழில்நுட்பப் பணிகள் தேர்வு. டிப்ளமோவுக்கு நெடுஞ்சாலைத் துறையில் இளநிலை வரைதொழில் அலுவலர், பட்டதாரிக்கு உதவிப் பொறியாளர். தேர்வு வரும்வரை வீட்டில் உட்கார வேண்டாம். ஒப்பந்ததாரரின் பிளான்ட் லேப்பிலோ ஆலோசனை நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டிலோ, அங்கீகாரம் பெற்ற தனியார் சோதனைக்கூடத்திலோ லேப் டெக்னீஷியனாக நுழையுங்கள். வளைகுடா சாலைப் பணிகளில் மெட்டீரியல் டெக்னீஷியனாகப் போகிற நம் பிள்ளைகளிடம் கேட்பதும் இந்தக் கைவேலையைத்தான். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருத்தமான துறை. பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் இரவில் வீடு திரும்ப வண்டியும் உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

இரண்டு சோதனைகளில் கை தேர்ந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும். ஒன்று ஐஎஸ் 6241: 200 கிராம் ஜல்லி, அதன் எடையில் 5 சதவீதம் பிட்டுமன், 40 டிகிரித் தண்ணீரில் 24 மணி நேரம். 95 சதவீதமாவது தார் ஒட்டியிருக்க வேண்டும். மற்றது டிஎஸ்ஆர், இழுவலிமை விகிதம். ஆறு வில்லைகள், அவற்றில் காற்று வெற்றிடம் 7 சதவீதம் அளவில். மூன்றை உலர்வாக வைத்து, மூன்றைத் தண்ணீர் ஏற்றி 60 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்து, எல்லாவற்றையும் 25 டிகிரிக்குக் கொண்டுவந்து உடைக்க வேண்டும். ஈரத்தின் வலிமை உலர்வின் வலிமையில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. உலர்வு 0.90 மெகாபாஸ்கல், ஈரம் 0.66 என்று வந்தால் 73 சதவீதம். தேறவில்லை. அந்த எண்ணை அப்படியே எழுதுங்கள். கீழே தேதி, நேரம், டிப்பர் எண், மூட்டை எண் எழுதி வையுங்கள். சொந்தமாக ஒரு நோட்டு வைத்து எல்லாவற்றையும் அதிலும் ஏற்றுங்கள். ரோடு பெயர்ந்து விசாரணை வரும் நாளில் உங்களைக் காப்பது அந்த நோட்டுதான்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓரத்தில் ஓடை இல்லாமல், வயல் தண்ணீர் தேங்கி நிற்கும் ரோட்டை எந்தச் சுண்ணாம்பும் காப்பாற்றாது. சைட்டுக்குப் போனதும் முதலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பிறகு மாவைப் பாருங்கள்.

இறுதியாண்டுப் பிள்ளைகளே, புராஜெக்டுக்குத் தலைப்பைக் கடையில் விலைக்கு வாங்காதீர்கள். ராயகிரிக்குப் பக்கத்துக் கிரஷரில் ஒரு மூட்டை ஜல்லியும் ஒரு மூட்டை டஸ்டும் கேட்டு வாங்குங்கள். கல்தூள் ஒன்று, 2 சதவீதம் சுண்ணாம்பு ஒன்று, தூத்துக்குடிச் சாம்பல் ஒன்று என்று மூன்று கலவை செய்து டிஎஸ்ஆர் பாருங்கள். முடிவு எப்படி வந்தாலும் அதை ஒரு பக்கத்தில் எழுதி, தென்காசி நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்திலும் உங்கள் பேரூராட்சியிலும் ஒரு பிரதி கொடுங்கள். நம் ஊர்க் கல்லுக்கு எந்த மாவு சேரும் என்ற விவரம் நம் ஊரில் எழுத்தில் இருக்கட்டும்.